சந்தனம் வைத்த ஸ்டியரிங்

வாடகைக்கு ஓடின கார் வாங்கலாமா, வேண்டாமா? ஓய்வுபெற்ற நாளிலிருந்து இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே என் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. பால் வாங்கப் போனால் கேட்கிறார்கள். அம்மா மண்டபத்துக் காவிரியில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு படியேறி வந்தால் வழிமறித்துக் கேட்கிறார்கள். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்கிறார். கேட்டுவிட்டுப் பதிலையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். "செல்ஃப் டிரைவ்ல ஓடின வண்டியாம் சார், கண்டவனும் ஓட்டியிருப்பான். அதுக்குப் பதிலா ஒரு டாக்டர் ஓட்டின வண்டி வருது, அதையே எடுத்துடலாம்னு பாக்கறேன்." அப்படியானால் என்னை ஏனய்யா கேட்கிறாய்?

திருச்சியில் விலைக்கு வருகிற பழைய கார்களில் பாதி டாக்டர் ஓட்டின காராகத்தான் இருக்கிறது. இத்தனை டாக்டர்கள் இந்த ஊரில் இருந்தால் ஒருத்தருக்கும் சளிகூடப் பிடிக்கக் கூடாது. சொல்கிறவனுக்கும் வெட்கம் இல்லை, கேட்கிறவனுக்கும் இல்லை.

எங்கள் பழைய பட்டறை ஆட்கள் வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். அங்கேயும் போன மாதம் இதே பேச்சு வந்தது. இப்போது புதுசாக வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகள், "ஃபோர்மேன் சார், உங்க சர்வீஸ் அனுபவத்தை எழுதுங்க, சிரிக்கிற மாதிரி எழுதுங்க" என்றார்கள். சிரிக்கிற மாதிரி என்னிடம் ஒன்றும் இல்லை. வயிற்றெரிச்சல்தான் இருக்கிறது. அதைத்தான் எழுதப்போகிறேன். பிடிக்காதவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

ஐ.டி.ஐ. முடித்தேன், லாரிப் பட்டறையில் கொஞ்ச காலம் கிரீஸில் புரண்டேன், பிறகு ஒரு டிராவல்ஸ் கம்பெனியின் சொந்தப் பட்டறையில் சேர்ந்து அங்கேயே ஃபோர்மேனாகி அங்கேயே நரைத்தேன். என் ஜாதகம் அவ்வளவுதான். பட்டறை அரியமங்கலம் பக்கம். கம்பெனி பெயர் வேண்டாம். ஸ்ரீரங்கம், சமயபுரம், வயலூர் என்று கோயில் பார்க்க வருகிறவர்களுக்கும் கல்யாண வீடுகளுக்கும் எங்கள் கார்கள்தான் ஓடின.

அங்கே ஒர்க்ஸ் மேனேஜராக இருந்தவர் சவரிமுத்து சார். பாலக்கரைக்காரர். காலையில் மாதா கோயிலில் பூசை பார்த்துவிட்டு நேரே பட்டறைக்கு வருவார். எப்போதும் வெள்ளைச் சட்டை. சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கிவிடும். நாங்கள் கிட்டே போய்க் காதைக் கொடுத்துத்தான் திட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

வாடகைக்குப் போய்த் திரும்பின வண்டியை உடனே கழுவக் கூடாது என்பது அவருடைய முதல் சட்டம். அழுக்கோடு பார்த்தால்தான் ஆயில் எங்கே கசிகிறது என்ற தடம் தெரியும். பிறகு கண்ணாடிகளை ஏற்றி, கதவுகளைச் சாத்திக்கொண்டு, உள்ளே உட்கார்ந்து மூச்சை நன்றாக இழுப்பார். ஈர வாடை அடித்தால் கால்மிதியைத் தூக்கச் சொல்வார். இறங்கி வந்து ஒவ்வொரு டயரையும் உள்ளங்கையால் தடவுவார். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் வண்டி எங்கேயோ மோதியிருக்கிறது, கொண்டுவந்தவன் வாயைத் திறக்கவில்லை என்று அர்த்தம். எல்லாம் முடிந்த பிறகுதான் சாவி. என்ஜினைக் கிளப்ப மாட்டார். சாவியை மட்டும் திருப்பிவிட்டு மீட்டர் போர்டில் எரிகிற விளக்குகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்தில் யாரும் பேசக் கூடாது.

"எல்லா விளக்கும் எரியணும்ப்பா. அப்புறம் அதது அதனதன் நேரத்துக்கு அணையணும்" என்பார். "ஏர்பேக் விளக்கு, என்ஜினைக் கிளப்பாட்டியும் கொஞ்ச நேரத்துல தானா அணைஞ்சுடும். ஆயில் விளக்கு, என்ஜின் கிளம்பினாத்தான் அணையும். ரெண்டும் சேந்து அணைஞ்சுதுன்னா எவனோ கை வெச்சிருக்கான்."

ஒரு வைகுண்ட ஏகாதசி சமயம். ஸ்ரீரங்கத்தில் லாட்ஜ் இல்லை, ரோட்டில் நிற்க இடமில்லை. கம்பெனியின் கார் ஒன்றுவிடாமல் புக்கிங். அன்று பார்த்து ஒரு வண்டியின் பிரேக் பேட் தேய்ந்து தகடோடு தகடு உரசிக்கொண்டு வந்து நின்றது. புது பேட் கைவசம் இல்லை, மறுநாள்தான் வரும். பெரிய முதலாளி நேரே பட்டறைக்குள் வந்துவிட்டார். "டவுனுக்குள்ளதானே ஓடப்போகுது சவரிமுத்து, ஒரு நாள் தாங்காதா?" என்றார். சவரிமுத்து சார் வண்டிச் சாவியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, டிபன் கேரியரைப் பிரித்துச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். முதலாளி எதிரில் நிற்கிறார், இவர் மோர்க்குழம்பை ஊற்றிப் பிசைகிறார். எங்களுக்கெல்லாம் வேர்த்துவிட்டது. கடைசியில் முதலாளி, "உன்னோட மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லைய்யா" என்று சொல்லிவிட்டுப் போனார். வண்டி அன்று வெளியே போகவில்லை.

அப்படி வளர்ந்த வண்டிகள் அவை. வாடகைக்கு ஓடியதால் வண்டி கெட்டது என்று எவனாவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சொந்தக்காரன் வாரக் கணக்கில் ஷெட்டில் போட்டு, ஆயில் மாற்றாமல், எலி வயரைக் கடிக்க விட்ட காரைவிட எங்கள் கார் நூறு மடங்கு தேவலை. பார்த்துக்கொள்கிற ஆள் இருக்கிறவரைக்கும் வண்டி நன்றாக இருக்கும். அந்த ஆள் போன பிறகுதான் ஆபத்து.

சவரிமுத்து சார் ஓய்வுபெற்றுப் போய்ச் சில வருடங்களில் காலமானார். பெரிய முதலாளியும் மகனிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். மகனை நாங்கள் சின்னவர் என்போம். அவர் வந்ததும் டிரைவர்களைக் குறைத்துவிட்டு, கறுப்பு நம்பர் போர்டு மாட்டி, ஆட்களே ஓட்டிக்கொண்டு போகிற செல்ஃப் டிரைவ் ஆரம்பித்தார். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. காலம் மாறுகிறது. ஆனால் வண்டியை விற்கிற விதமும் மாறியது.

ஒரு வெள்ளைக் கார். திருவெள்ளறையிலிருந்து திரும்பி வருகிற வழியில், வாடகைக்கு எடுத்தவன் நேராகப் புளியமரத்தில் கொண்டுபோய்ச் சொருகிவிட்டான். முன்பக்கம் அப்பளம். ஏர்பேக் இரண்டும் வெடித்து வெளியே தொங்கின. ஓட்டியவனும் பக்கத்தில் இருந்தவனும் மூக்கில் ரத்தத்தோடு எழுந்து நடந்து வந்தார்கள். அந்த இரண்டு பைகள் இல்லையென்றால் தூக்கிக்கொண்டுதான் வந்திருக்க வேண்டும். தொங்கின பைகளை அறுத்து எடுத்தவன் நான்தான்.

சின்னவர் என்னைக் கூப்பிட்டார். "அண்ணே, பேக் புதுசா போட்டா கட்டுப்படி ஆகாது. மேல் கவரை மட்டும் ஒட்டிடுங்க. லைட் எரியாம பாத்துக்கங்க. சொந்த வண்டின்னு ஓன் போர்டு மாத்தித் தள்ளிடலாம்."

"உள்ளே ஒண்ணும் இல்லாமலா?"

"வாங்கறவன் ஏர்பேக்கைப் பிரிச்சா பாக்கப்போறான்? இருக்கிற கண்டிஷன்ல விக்கிறோம். வித்ததும் நம்ம பொறுப்பு முடிஞ்சுது."

எனக்கு சவரிமுத்து சாரின் நிதானம் கிடையாது. ஆபீஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன். "உங்க குழந்தையை அதுல முன்னாடி உக்கார வெச்சு ஓட்டுவீங்களா? ஓட்டுவேன்னு சொல்லுங்க, ஒட்டித் தரேன்!" சின்னவர் முகம் சிவந்துபோய், "நீங்க போங்க" என்றார். நான் அதைத் தொடவில்லை. கொஞ்ச நாளில், நான் லீவில் இருந்த ஒரு நாள், வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இரும்புக்குப் போயிருக்கும் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு எனக்கும் ஓய்வு வயது வந்து, மாலை போட்டு அனுப்பிவைத்தார்கள்.

ஸ்ரீரங்கத்தில் என் பக்கத்து வீட்டில் கலைச்செல்வி டீச்சர் குடியிருக்கிறார். லால்குடியில் பள்ளிக்கூடத்தில் வேலை. கணவர் இளங்கோ கலெக்டர் ஆபீஸில் இருக்கிறார். ஒரே பெண் நிவேதா, கோயம்புத்தூரில் காலேஜில் இடம் கிடைத்திருந்தது. டீச்சர் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, மகளைத் தானே ஓட்டிக்கொண்டுபோய் ஹாஸ்டலில் விட வேண்டும் என்று ஆசைப்பட்டார். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

"அண்ணே, ரென்டல்ல ஓடின வண்டி ஒண்ணு பைபாஸ் ரோட்டுப் பழைய கார் யார்டுல இருக்கு. வாங்கலாமாண்ணே?" என்று கேட்டார்.

"தாராளமா வாங்கலாம் டீச்சர். ஆனா என்கிட்ட காட்டிட்டு வாங்குங்க" என்றேன். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்ப்பதாக ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை சாயங்காலமே வண்டி வாசலில் வந்து நின்றது. கழுத்து நிறைய மாலை. நாலு டயரிலும் நசுங்கின எலுமிச்சம்பழச் சாறு. மூன்று பேரும் சிரித்த முகமாக இறங்கினார்கள். யார்டுக்காரர் போன் செய்து, "வெள்ளிக்கிழமை, நல்ல முகூர்த்தம். சமயபுரத்துல ஆத்தா சன்னிதியிலயே சாவியைக் குடுத்துடறோம்" என்றாராம். இளங்கோ சரியென்றுவிட்டார்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். இந்தப் பக்கத்தில் சைக்கிளானாலும் லாரியானாலும் வாங்கினால் முதலில் சமயபுரம்தான். நானும் என் மொபெட்டிலிருந்து எல்லாவற்றுக்கும் அங்கேதான் பூஜை போட்டேன். நான் நாத்திகன் இல்லை. பூஜை போட்ட வண்டியில் கொஞ்ச நாளைக்கு யாரும் ஸ்பானர் வைக்க விட மாட்டார்கள், அதுவும் வழக்கம்தான். யார்டுக்காரனுக்கு அது நன்றாகத் தெரியும். வண்டியைக் கோயில் வாசலில் கைமாற்றிவிட்டால், பிறகு எந்த மெக்கானிக் வந்து எதைப் பிரிப்பான்?

மாலையை விலக்கி உள்ளே பார்த்தேன். டிரைவர் சீட்டுக்கு அடியில், சீட் நகர்கிற தண்டவாளத்தில், பட்டறையில் இருந்தபோது நான் வைத்த வெல்டிங் என் கண்ணையே பார்த்தது. அதே வெள்ளைக் கார். சாவியைத் திருப்பினேன். ஏர்பேக் விளக்கு எரிந்தது. காத்திருந்தேன், அணையவில்லை. என்ஜினைக் கிளப்பினேன். ஆயில் விளக்கும் அதுவும் ஒரே நேரத்தில் அணைந்தன.

"டீச்சர், இது எங்க கம்பெனியில ஓடி, மரத்துல மோதின வண்டி. இதுல ஏர்பேக் இல்லை. ஸ்டியரிங்கைப் பிரிச்சுக் காட்டறேன்" என்றேன்.

ஸ்டியரிங் நடுவில் சந்தனம் அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்திருந்தது. இளங்கோ குறுக்கே வந்து நின்றார். "சார், நீங்க பெரியவர். அதுக்காக அம்மன் சன்னிதியிலேர்ந்து வந்த அன்னிக்கே, சந்தனம் வெச்ச இடத்துல ஸ்க்ரூடிரைவர் வெப்பீங்களா? திங்கக்கிழமை பொண்ணு இதுல ஊருக்குக் கிளம்பறா. அபசகுனமா இருக்காது?"

"உள்ளே ஒண்ணுமில்லாத டப்பாவுக்குப் பின்னாடி பிள்ளையை உக்கார வெச்சுக் கோயம்புத்தூர் வரைக்கும் கூட்டிட்டுப் போறது மட்டும் நல்ல சகுனமா?"

"உங்களுக்கு அந்தக் கம்பெனி மேல ஏதோ கோவம். அதை எங்க வண்டியில காட்டாதீங்க."

எனக்கு ஆத்திரம் உச்சிக்கு ஏறியது. "ஆமாய்யா, கோவம்தான்! கோவப்படாம கொஞ்சச் சொல்றியா?" என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்திவிட்டேன். டீச்சர் விறுவிறுவென்று வீட்டுக்குள் போனார். திட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன். ஈரத் துணியோடு வந்தார். சீட்டில் உட்கார்ந்து சந்தனத்தையும் குங்குமத்தையும் தானே துடைத்தார்.

"ஆத்தா கோவிச்சுக்கிட்டா என்கிட்ட கோவிச்சுக்கட்டும். நீங்க பிரிங்கண்ணே."

பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுச் சிறிது நேரம் பொறுத்தேன். உள்ளே நிஜமாகவே பை இருந்துவிட்டால் மூஞ்சியில் வெடிக்கும். இருந்துவிடக் கூடாதா, நான் முட்டாளாகிவிடக் கூடாதா என்றுகூடத் தோன்றியது. பிரித்தேன். பை இருக்க வேண்டிய இடத்தில் கிழிந்த சாக்கைச் சுருட்டி அடைத்திருந்தார்கள். இடது பக்கம் டேஷ்போர்டில் ஃபைபர் பூசி மேலே பெயின்ட் அடித்திருந்தது. இளங்கோ அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் என்னைத் தடுக்கவில்லை.

விளக்கை எப்படிக் கட்டினான் என்று பார்க்க மீட்டர் போர்டையும் கழற்றினேன். ஒரு வயரை அவ்வளவு சுத்தமாக இணைத்து, ஸ்லீவ் ஏற்றி, டேப் சுற்றி, டேப்பின் நுனியை மடித்துவிட்டிருந்தது. அடுத்தவன் நகத்தால் பிரிக்க வசதியாக நுனியை மடிக்கிற ஆள் எனக்குத் தெரிந்து திருச்சியில் ஒருத்தன்தான். என்னோடு அதே பட்டறையில் வேலை பார்த்த எலக்ட்ரீஷியன் கணேசன். என் பெண் கல்யாணத்தில் பந்தியில் நின்று பரிமாறியவன். அவன் பெயரை எழுதப்போகிறேன் என்று அவனிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை நிவேதாவை அப்பாவோடு ரயிலில் ஏற்றிவிட்டு, டீச்சரும் நானும் யார்டுக்குப் போனோம். யார்டுக்காரர் நெற்றி நிறைய விபூதியோடு எங்களை வரவேற்று டீ சொன்னார். விஷயத்தைச் சொன்னதும் கையெடுத்துக் கும்பிட்டார். "ஆத்தா சன்னிதியில கைமாறின வண்டி டீச்சர். பூஜை போட்ட பிறகு திருப்பி எடுத்தா எங்க தொழிலுக்கு ஆகாது. சம்பிரதாயம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"யோவ், ஆத்தாவை ஏன்யா உன் ஷட்டருக்குக் காவல் வெக்கிறே?" என்று நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். டீச்சர் என்னை உட்காரச் சொன்னார். போலீஸுக்கும் நுகர்வோர் கோர்ட்டுக்கும் போவதாக, வகுப்பில் பாடம் சொல்கிற குரலில் சொன்னார். யார்டுக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு இறங்கி வந்தார்.

"சரி விடுங்க. வண்டியைக் குடுத்துட்டுப் போங்க. பணத்தை முழுசா திருப்பித் தந்துடறேன்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. டீச்சர் சாவியை மேஜைமேல் வைத்தவர், வைத்த கையை எடுக்கவில்லை. "வண்டியை என்ன பண்ணுவீங்க?"

"அது எங்க பாடு டீச்சர்."

"மறுபடியும் ஒட்டி, சமயபுரம் கொண்டுபோய், இன்னொருத்தருக்குக் குடுப்பீங்க."

டீச்சர் சாவியை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "இது என்கிட்டயே இருக்கட்டும். பை ரெண்டும் நீங்க வாங்கிக் குடுங்க. குடுக்கலைன்னா சொன்ன இடத்துக்கெல்லாம் போவேன்." ஒரு வாரம் இழுத்தடித்து, சண்டை போட்டு, கடைசியில் அந்த ஆள் பைகளையும் அவற்றை வெடிக்க வைக்கிற கன்ட்ரோல் பெட்டியையும் புதுசாக வரவழைத்துக் கொடுத்தார். நல்ல மனதால் இல்லை, பயத்தால்தான்.

கணேசனுக்கு நான் போன் போட்டேன். "டேய், அந்த வெள்ளை வண்டி விளக்கை நீதானே கட்டினே?"

"நான் லைட்டை மட்டும்தாண்ணே பாத்தேன். பையைக் கழட்டினது நீங்க. கவர் ஒட்டினது பெயின்டர். வித்தது சின்னவரு. நான் ஒரு வயரு மாத்தினேன், அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம்! ஆளுக்கொரு துண்டாகச் செய்துவிட்டு, முழுசாகச் செய்தவன் எவனும் இல்லை என்கிறான். என் வாயில் வந்ததையெல்லாம் சொல்லி ஏசினேன். இங்கே எழுத முடியாது. கடைசியில், "நீ கட்டினதை நீயே வந்து அவுருடா" என்றேன்.

வந்தான். வந்ததை மட்டும் நான் மறுக்கவில்லை. ஒரு காலை முழுக்கத் தலை நிமிராமல் வயரைப் பழையபடி மாற்றினான். பைகளைப் பொருத்தி கம்ப்யூட்டரில் பதிய வைக்கிற வேலை சர்வீஸ் சென்டரில்தான் நடக்கும். புதுப் பைகள் வந்த பெட்டிகளை நான் டிக்கியில் ஏற்றி வைத்தேன். டீச்சர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். அங்கே வந்து இணைப்பைக் காட்டித் தர கணேசனும் வர வேண்டும்.

"ஏறுங்க சார்" என்று டீச்சர் பக்கத்துக் கதவை உள்ளேயிருந்து திறந்துவிட்டார்.

கணேசன் அந்த முன்சீட்டைப் பார்த்தான். பெயின்ட் அடித்த டேஷ்போர்டைப் பார்த்தான். கதவை மெதுவாகச் சாத்தினான்.

"பரவால்லீங்க டீச்சர். நான் பின்னாடியே உக்காந்துக்கறேன்."

டீச்சர் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டே சொன்னார். "சமயபுரத்துலேர்ந்து வீடு வரைக்கும் என் பொண்ணு முன்சீட்லதாங்க உக்காந்து வந்தா."